ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய்

வீட்டுக் குறிப்பு எழுதுகிறவருக்கு வீட்டு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எண்பதுகளில் தர்மபுரியில் எனக்கு வேலையே கிடைத்திருக்காது. வெந்நீர் கொதித்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த ஆள் நான். (ஒரு தடவைதான்.) அதே விரலால் பேனா பிடித்து, வாராவாரம் மாவட்டத்துப் பெண்களுக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருந்தது ஒரு சின்ன வாரப் பத்திரிகை. ஆசிரியர், நான், அச்சுக்கோப்பவர் என்று மூன்றே பேர். கலெக்டர் ஆபீஸ் செய்தி, தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரி, புளி விலை, மாங்காய் விலை எல்லாவற்றையும் போட்ட பிறகும் ஏழாம் பக்கத்தில் ஒரு மூலை காலியாகக் கிடக்கும். அந்த மூலைக்காக ஆசிரியர் கண்டுபிடித்ததுதான் 'கை கொடுக்கும் குறிப்புகள்'. எழுதுபவர்: அன்னபூரணி. அன்னபூரணிக்கு அப்போது இருபத்தாறு வயது; மாநிறம், லேசான மீசை.

"பொம்பள பேரு இருந்தாத்தான்யா நம்புவாங்க" என்றார் ஆசிரியர். "உன் பேரைப் போட்டா உங்கம்மாவே படிக்க மாட்டாங்க."

குறிப்புகளை நான் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் பொறுக்கினேன். அரிசியில் வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு வராது. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க, உள்ளே இருப்பதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளியே இருப்பதை வெந்நீரில் நிறுத்த வேண்டும். எழுத மறுக்கும் பால்பாயிண்ட் ரீஃபிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் எழுதும். இவற்றில் ரீஃபில் ஒன்றைத்தான் நானே சோதித்துப் பார்த்திருந்தேன்.

அந்த வயதில் எனக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று துல்லியம். செய்தியில் 'பலர்', 'சிலர்' என்று எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை நான் சமையலறை வரைக்கும் கொண்டுபோனேன். 'கொஞ்சம் உப்பு', 'ஒரு கை கல்லுப்பு' என்று யாராவது சொன்னால் உடம்பெல்லாம் எரியும். யாருடைய கை? இன்னொன்று நல்ல தமிழ். 'ஸ்பூன்' என்று எழுத மனம் வரவில்லை. அகராதியைப் பார்த்துத் 'தேக்கரண்டி' என்று எழுதினேன். தேயிலைக்குத் 'தே'; அதைக் கலக்குகிற கரண்டி தேக்கரண்டி. எவ்வளவு அழகான சொல்!

"ஸ்பூன்னே போடுப்பா" என்றார் ஆசிரியர். "எங்க வூட்டுல யாரும் தேக்கரண்டின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

"இது தமிழ்ப் பத்திரிகை சார்" என்றேன். அவர் லாரி விபத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஒருநாள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க ஊரு போர் தண்ணியில தொவரம்பருப்பு வேவவே மாட்டேங்குதுக்கா. மதியத்துக்கு வச்சா ராத்திரிக்கித்தான் ஆவுது."

"வேவும்போது ரெண்டு சொட்டு வெளக்கெண்ண வுட்டுப் பாரு. வெண்ணெயாட்டம் கொழஞ்சிரும்."

அருமையான குறிப்பு. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும்போது 'ரெண்டு சொட்டு' என்னை உறுத்தியது. எந்தப் பாத்திரத்திலிருந்து விழும் சொட்டு? எவ்வளவு பருப்புக்கு? இப்படி எழுதினால் மாவட்டம் என்ன நினைக்கும்? ஆகவே திருத்தினேன்: 'படி பருப்புக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விடவும்.' ஒரு படி பருப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. இதற்காக எந்தக் கோர்ட்டிலும் வாதாட நான் இன்றும் தயார். அச்சுக்கோப்பவர் வரி முடிந்த இடத்தில் 'தேக்' என்று வெட்டி, 'கரண்டி'யை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தார். அது மட்டும் என் கையில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பெண் பெயர் சரோஜா. பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. காப்பித் தட்டை நீட்டியபோது, வந்திருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து எடைபோட்டுவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். (எடை குறைவு என்று சிரித்ததாகப் பிறகு சொன்னாள்.)

அவளுடைய அப்பா சின்னசாமி மாந்தோப்பு வைத்திருந்தார். எழுத்தில் இருப்பதை எழுத்துப்படி செய்கிறவர். உர மூட்டை வந்தால் அதன்மேல் அச்சடித்திருப்பதை முழுவதும் படித்த பிறகுதான் பிரிப்பார். நான் பத்திரிகையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க பத்திரிகைய ஒரு வாரம் வுடாம படிக்கறனுங்க. இந்த லாரி கவுந்ததெல்லாம் இல்லீங்க. அந்தம்மா எழுதறாங்களே, அன்னபூரணி, அது."

"அப்படீங்களா."

"நம்ம வூட்டுல அந்தம்மா சொல்றபடிதாங்க எல்லாம். என்னா அறிவுங்க! அந்தம்மா எந்தூருங்க?"

"தர்மபுரிதாங்க."

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"இன்னும் ஆகலீங்க" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் பேசிய முழு உண்மை. பெண் பார்க்க வந்த இடத்தில், 'அந்தம்மா நான்தான்' என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் பொம்மிடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனோம். பெரிய கூட்டம். தலைமை, பெரியப்பா. என் அப்பா அதிகம் பேசாதவர் என்பதால் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் பெரியப்பாவே பேசிவந்தார். பட்டு வேட்டி, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். பந்தலில் தாம்பூலத் தட்டு தனக்கு முன்னால் வேறொருவரிடம் போனதை அவர் கவனித்தார். கவனித்ததை நானும் கவனித்தேன்.

"நம்மள எப்படி மதிக்கறாங்கன்னு பாத்தியாடா?" என்று என் காதில் சொன்னார். அதோடு விட்டார். நாள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு பந்தி. இலையில் முதலில் பருப்பு, மேலே நெய். அப்படியொரு பருப்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. மசித்ததா, உருக்கி ஊற்றியதா என்றே தெரியவில்லை. பெருங்காய வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. சின்னசாமி இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றார்.

"பருப்பு எப்படிங்க மாப்ளே?"

"ரொம்பப் பிரமாதமுங்க."

"மாப்ள கேக்கறாரு, இன்னும் வையிப்பா! அந்த வரிசைக்கே வையி!" என்று சத்தம் போட்டார். ஆக, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இரண்டாம் தடவையும் பருப்பு விழுந்தது. அதற்கும் நானே பொறுப்பு. அதற்குப் பிறகு வந்த சாம்பாரும் அதே பருப்புதான்.

கை கழுவிவிட்டு வந்தபோது சின்னசாமி என்னைத் தனியாக அழைத்துப் போனார். சமையல் பந்தலுக்குப் பின்னால், ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்தார். பிரித்தார்.

மரக் கரண்டி. என் கை நீளத்துக்குப் பிடி. நுனியில் நல்ல ஆழமான குழி. ஒரு பெரிய தேங்காய் மூடி அதற்குள் உட்காரும். புதுத் தேக்கு, எண்ணெய் குடித்துப் பளபளத்தது.

"கதவு நிலை செஞ்சதுல மீந்த கட்டைங்க. மரப்பட்டறை காதர் பாய்கிட்ட சொல்லிக் கடஞ்சது."

"இது... எதுக்குங்க?"

"என்னங்க மாப்ளே, உங்க பத்திரிகையிலயே வருது. அந்தம்மா எல்லாத்துக்கும் தேக்கு கரண்டி, தேக்கு கரண்டிங்கறாங்களே. நானும் மொதல்ல, இரும்புக் கரண்டியில அளந்தா என்னான்னு நெனச்சனுங்க. அப்பறம் யோசிச்சா, இரும்பு பட்டா எண்ணெயோட கொணம் மாறிரும் போலருக்குது. சும்மா எழுதுவாங்களா?"

கரண்டியின் குழியை இன்னொரு தடவை பார்த்தேன். "எந்த எண்ணெய்ங்க?"

"வெளக்கெண்ணதாங்க. படி பருப்புக்கு ஒரு கரண்டி. எழுதியிருந்தபடியே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சமையக்காரன் மாதையன் ஒத்துக்கலீங்க. இது கொழந்தைக்குப் பேதிக்குக் குடுக்கறதாச்சேன்னான். அச்சடிச்சு வந்துருக்குது, உனக்கென்னடா தெரியும்னு நானே நின்னு ஊத்துனனுங்க."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக எல்லோரும் சொல்லிவருகிறார்கள். நான் செய்தது இது: கரண்டியை வாங்கிப் பார்த்து, "வேலைப்பாடு நல்லாருக்குதுங்க" என்றேன். உறுதிப்படுத்தப்படாத தகவலை வெளியிடக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பொம்மிடி ஸ்டேஷனுக்கு ரயில் நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டோம். ஆண்கள் வேப்ப மரத்தடியில் சீட்டுக் கட்டை எடுத்தார்கள். பெண்கள் பெண்ணின் நிறத்தைப் பற்றி முடித்துவிட்டுச் சேலையின் நிறத்துக்கு வந்திருந்தார்கள். முதல் தகவல் சித்தப்பா மூலமாக வந்தது. நல்ல சீட்டு கையில் இருக்கும்போதே கீழே வைத்துவிட்டு எழுந்தார். எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"சொம்பு எங்கிருக்குது?" என்றார்.

பெண் வீட்டார் மரியாதையாக ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்றைய மரியாதைகளில் அதைப் போலக் கைகொடுத்தது வேறில்லை. சித்தப்பா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதருக்குள் மறைந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மாமா கிளம்பினார். மாமா கிளம்பியதும் அவருடைய இரண்டு தம்பிகள். கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று யாரும் சொல்லாமலே ஏற்பாடு உண்டாகிவிட்டது. வெயிலில் புதர்களுக்கு நடுவே அங்கங்கே புதுப் பித்தளை மின்னியது. ஜரிகையும் மின்னியது. குழாயடியில் சொம்புகளோடு ஒரு வரிசை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்: நானும் அந்த வரிசையில்தான் நின்றேன், இரண்டு தடவை.

பெரியப்பா கடைசி வரை தாக்குப்பிடித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். வேகமாக நடந்தால் கௌரவம் போய்விடும். மெதுவாக நடந்தால் அதைவிடப் பெரியது போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடையை அன்று அவர் கண்டுபிடித்தார். அதைப் பிறகு யாரும் நடக்கப் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அங்கவஸ்திரத்தில் முள் கிழித்திருந்தது. தீர்ப்பு தயாராக இருந்தது.

"வேணும்னே செஞ்சிருக்கறாங்க. தாம்பூலத்துலயே பாத்தன். சாப்பாட்டுல என்னத்தையோ கலந்து நம்மள அவமானப்படுத்தி அனுப்பியிருக்கறாங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஆள அனுப்பி இப்பவே சொல்லிர்றன்."

"அவசரப்படாதீங்க" என்றார் பெரியம்மா, குழாயடியிலிருந்து.

"யாரு அவசரப்படறது? நானா?" என்று கேட்ட பெரியப்பா, பதிலுக்கு நிற்காமல் அவசரமாகப் புதர்ப் பக்கம் போனார்.

எனக்குச் சரோஜாவின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆள் கிளம்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்கு முன் ஸ்டேஷன் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சின்னசாமி. முகம் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது. அவரும் பருப்பு சாப்பிட்டவர்தானே. மொபெட்டின் பின்னால், ஓமத் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், அந்தக் கரண்டி கட்டியிருந்தது.

அவர், புதரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த பெரியப்பாவிடம் நேராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கோணும் சம்பந்தி. வூட்டுலயும் எல்லாரும் இப்படித்தானுங்க கெடக்கறாங்க. வேணும்னு செய்யலீங்க. பத்திரிகையில போட்டிருந்தாப்ல செஞ்சனுங்க." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கரண்டியை அவிழ்த்துக் காட்டினார். "எம் பொண்ணு அலங்காரத்துல உள்ள இருந்துட்டாளுங்க. சமையல் பக்கம் வந்திருந்தா தடுத்திருப்பா. இப்ப கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிறா. அப்பா, அது பொம்பளையே இல்லப்பாங்கறா."

"யாரு பொம்பள இல்ல?" என்றார் பெரியப்பா.

"அந்த அன்னபூரணிங்க. ஒருநாளாவது அடுப்புகிட்ட நின்னவளா இருந்தா வெளக்கெண்ணயச் சொட்டுல சொல்லியிருப்பாளாம், கரண்டியில சொல்ல மாட்டாளாம். எவனோ மீச மொளச்சவன் உக்காந்து எழுதறான்னு சொல்றாளுங்க."

"எவன்யா அவன்? பேரச் சொல்லு. தர்மபுரியில எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறன்."

சின்னசாமி நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார். "மாப்ளைக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு பத்திரிகைதானுங்களே."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், கையில் சொம்போடு, என்னைப் பார்த்தார்கள். மீசையைத் துடைப்பதுபோல் கையால் மூடிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பெரியம்மா முதலில் புரிந்துகொண்டார்.

"அடப்பாவி!" என்றார்.

"நான்தாங்க" என்றேன். "தேக்குக் கரண்டி இல்லீங்க அது. தேக்கரண்டி. டீ கலக்கற ஸ்பூன்."

தூரத்தில் சிக்னல் கை இறங்கியது.

"டீ ஸ்பூனுக்கு ஸ்பூன்னு எழுதறதுக்கு உனக்கு என்னாடா கேடு?" என்றார் பெரியப்பா. பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இன்றுவரை இதுவே சுருக்கமானது.

சின்னசாமி கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, அந்த ரீஃபில் உருட்டறதும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அது நல்லா வேல செஞ்சுதுங்க" என்றார், வருத்தத்தோடு.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். நியாயஸ்தர், அதை மறுக்க முடியாது. "தப்பு எங்க பையன் மேலதாங்க. வேண்டாம்னு சொல்ற யோக்கியத எங்களுக்குப் போயிருச்சு. இனி நீங்கதான் சொல்லோணும், பொண்ணு குடுக்கறதா வேண்டாமான்னு."

சின்னசாமி கரண்டியை மறுபடி மொபெட்டில் கட்டினார். "பொண்ணக் கேட்டுச் சொல்லி அனுப்பறனுங்க" என்றார். ரயில் வந்துவிட்டது.

பெட்டிக்குள் யாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடவில்லை. எல்லோரும் கழிவறைப் பக்கமாகவே நெருக்கி நின்றோம். 'வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள்' என்று கதவில் எழுதியிருந்ததை ஒரு குடும்பமே அவ்வளவு கவனமாகப் படித்தது, அநேகமாக அன்றுதான்.

அடுத்த இதழில் திருத்தம் போட்டேன்: 'ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் என்பதை இரண்டு சொட்டு எனத் திருத்திப் படிக்கவும்.' எந்தப் பாத்திரத்துச் சொட்டு என்று குறிப்பிடவில்லை. அது வெளிவந்த மறுநாள் சின்னசாமி அலுவலகத்துக்கே வந்தார். நான் எழுந்து நின்றேன். ஆசிரியரும், விஷயம் தெரியும் என்பதால், எழுந்து நின்றார்.

"சரின்னுட்டாளுங்க" என்றார் சின்னசாமி. "சமைக்கத் தெரியாத ஆளுன்னு மத்தவங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கப்பறம்தான் தெரியுது, எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, நல்லதுதானேங்கறா. ஒண்ணே ஒண்ணு. இனிமே அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவகிட்டக் காட்டிட்டுத்தான் போடோணுமாம்."

அதற்குப் பிறகு வந்த குறிப்புகளில் பாதியை அவள் அடித்துவிட்டு வேறு எழுதினாள். மீதிப் பாதியில் என் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். 'ஸ்பூன்' என்றே எழுதினாள். அந்த மூலை மெல்ல அரைப் பக்கமாக வளர்ந்தது. தபால் பெட்டியில் அன்னபூரணிக்கு எனக்கு வருவதைவிட அதிகக் கடிதம் வந்தது. காதர் பாய்க்குத்தான் கொஞ்சம் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அந்த மாதம் ஏழெட்டுப் பேர் தேக்குக் கரண்டி கேட்டு வந்தார்களாம். திருத்தம் வந்த வாரத்தோடு அந்த வியாபாரம் நின்றுவிட்டது.

கல்யாணச் சீர்வரிசையில் அண்டா, குத்துவிளக்கு, கட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு தட்டில் வெற்றிலைக்கு நடுவே அந்தக் கரண்டி வந்தது. இன்றும் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் சர்க்கரை, உப்பு, மருந்து எல்லாம் ஸ்பூனில்தான். தேக்கரண்டி என்பது வேறு அளவு. நல்ல மழை பெய்தால், "தேக்கரண்டியா ஊத்துது" என்பார்கள் பிள்ளைகள். யாராவது அளவுக்கு மீறிப் பெருமை அடித்துக்கொண்டால், "இது தேக்கரண்டி" என்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைக் கட்டுரை முழுவதும் ஒரே தட்டில் மாற்றுகிற வழி இருக்கிறது என்று மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தபோது, சோதனைக்கு அவள் தேர்ந்தெடுத்த சொல் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்கோத்த காலத்தில் எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் ஒரு ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம் சுத்தமாக இருந்திருக்கும்.

பெரியப்பா கடைசி வரை எங்கள் வீட்டில் பருப்பில் கை வைப்பதற்கு முன் தலையைத் தூக்கி, "சொட்டா, கரண்டியா?" என்று கேட்பார். இப்போது அவர் இல்லை, கேள்வி இருக்கிறது. போன வருஷம் மகள் கல்யாணத்தில், மொரப்பூர்ச் சொந்தம் முழுக்க ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. பரிமாறுகிற பையன் பருப்பு வாளியோடு வந்ததும் வரிசை முழுவதும் ஒன்றாகக் குரல் கொடுத்தது: "சொட்டா, கரண்டியா?"

பையன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அந்தப் பக்கமாகப் பட்டுச் சேலையில் வந்த சரோஜா நிற்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"கரண்டிதான். எல்லாரும் சொம்ப எடுத்துக்கிட்டு வந்து சாப்பிடுங்க."